ஊரைக் கேட்டுச் செய்தல்

ஆளைத் தேர்ந்தெடுப்பது ஒன்று. பொருளைத் தேர்ந்து முடிவு கூறுவது மற்றொன்று. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாம் செய்துவருவது முன்னது. இன்னார் நம் பொருட்டுச் சட்டமன்றத்தில் அமர்க என்று ஒரு பெயரின்மேல் விரலை வைத்துவிட்டு வீடு திரும்புகிறோம். அதன்பின் ஆற்றுக்கு அணையிடுவதோ, வயலின் அடியில் எண்ணெய் தோண்டுவதோ, சிற்றூரைப் பேரூரோடு சேர்ப்பதோ எதுவாயினும், நம்மை எவரும் வந்து கேட்பதில்லை. சுவிட்சர்லாந்திலும், அமெரிக்காவின் கலிபோர்னியா முதலிய மாநிலங்களிலும் நிலைமை வேறு. அங்கே ஒரு சட்டம் வேண்டுமா, வேண்டாவா என்னும் வினாவே வாக்குச் சீட்டில் அச்சாகி வாக்காளர் கைக்கு வருகிறது. நம் அரசியலமைப்பில் அவ்வகை வாக்கெடுப்புக்கு வழி சொல்லப்படவில்லை. வழி வேண்டும் என்பதும், அதனினும் முதன்மையாக, காவிரிப் படுகையில் அவ்வாக்கு எம்முறையில் எடுக்கப்படல் வேண்டும் என்பதுமே ஈண்டு யான் கூறப் புகுந்தவை.

இதனைச் சொல்லத் தொடங்கியவுடனே நண்பர் சிலர், "இஃது என்ன புதுமை? உத்தரமேரூர்க் கல்வெட்டை மறந்தனையோ?" என்பர். மறந்திலேன். முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுக்கள் நம் பெருமைக்குரியன என்பதில் ஐயமில்லை. ஆயின் குடவோலை வாக்கெடுப்பு அன்று, சீட்டுப் போடுதல். முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவன் கையால் எடுத்த ஓலைக்குரியவரை வாரியத்துக்கு அமர்த்தினர். அப்போஸ்தலர் மத்தியாவைச் சீட்டுப் போட்டுத் தெரிந்துகொண்ட முறைக்கே அஃது உறவு. அன்றியும், குடத்தில் எவர் பெயர் இடம் பெற்றது? கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், மறைக் கல்வியும் உடைய, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவர் பெயரே. அந்நிலத்தை உழுதவனுக்குக் குடத்தில் ஓலை இல்லை. கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் விலக்கிய அக்காலத்தார் நேர்மையை இன்றும் நாம் கற்கலாம். ஒரு பொருளைக் குறித்து ஊர் முழுவதையும் கேட்கும் முறையை அவர்களிடம் கற்க இயலாது.

அண்மைக் காலத்துச் சான்று வேண்டின், நம் படுகையின் கீழ்க்கோடியில், அரசலாறு கடலொடு கலக்கும் காரைக்காலையே காட்டலாம். பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த அவ்வூர் இந்தியாவுடன் இணைவதா என்னும் வினா எழுந்தபொழுது, மக்கள் இசைவின்றி ஒரு நிலப்பகுதியையும் பிறர்க்கு விட்டுக்கொடுத்தல் செல்லாது என்று 1946 ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அரசியலமைப்பு விதித்திருந்தது. வங்கத்திலிருந்த சந்திரநாகூர் மக்கள் 1949 ஜூன் மாதத்தில் நேரே வாக்களித்து இந்தியாவின் பக்கம் நின்றனர். புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகியவற்றில் அஃது நடைபெறவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று, கீழூர் என்னும் சிற்றூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இணைப்பை வேண்டினர்; 8 பேர் மறுத்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறிற்று. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16 அன்று நிறைவுற்றது. இணைப்பு நன்று என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. நேரே கேட்டிருப்பினும் மக்கள் அதனையே சொல்லியிருப்பர் என்று எண்ணுகிறேன். எனினும், அந்த ஐப்பசித் தொடக்கத்தில் திருநள்ளாற்று வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு நாடே மாறியது. அவளை ஒருவரும் கேட்டிலர். 'நல்ல முடிவுதானே, கேட்டால் என்ன, கேளாவிட்டால் என்ன?' என்போர்க்கு அன்று முதல் இன்றுவரை குறைவில்லை. தீய முடிவு வரும் நாளில் இவர்கள் என்ன விடை கூறுவர்?

நேரே கேட்டால் மக்கள் எங்ஙனம் முடிவு செய்வர்? தத்தம் கட்சி சொன்னவாறே செய்வர் என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணத்தைக் கோவா பொய்யாக்கிற்று. மகாராஷ்டிரத்துடன் இணைவதா, தனித்த ஒன்றியப் பகுதியாக நிற்பதா என்று 1967 ஜனவரி 16 அன்று அந்நாட்டார் கேட்கப்பட்டனர். இணைப்புக்குப் பூவும், தனிநிலைக்கு இரட்டை இலையும் சின்னங்கள். (நம் நாட்டில் இரட்டை இலையைத் தாங்கும் கட்சி 1972 ஆம் ஆண்டில் பிறந்தது, இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.) ஆட்சியிலிருந்த மகாராஷ்டிரவாதி கோமந்தகக் கட்சி இணைப்பை வேண்டியது. வாக்கெடுப்பு நடுநிலையாக நடைபெறும்பொருட்டு அதன் தலைவர் தயானந்த பந்தோட்கர் 1966 டிசம்பரில் முதலமைச்சர் பதவியினின்றும் விலகினார். இரட்டை இலைக்கு 1,72,191 வாக்குகளும், பூவுக்கு 1,38,170 வாக்குகளும் கிடைத்தன. இணைப்புத் தோற்றது. வியப்பு இனித்தான். அடுத்த மார்ச்சு மாதத்தில் நடந்த தேர்தலில் அதே மக்கள் பந்தோட்கர் கட்சியையே மீண்டும் ஆட்சியில் அமர்த்தினர்! "நீர் எங்களை ஆளலாம், எங்கள் ஊரை மற்றொருவரோடு சேர்க்கலாகாது" என்று இரண்டு வாக்கையும் இரண்டாகப் பிரித்துச் சொல்ல அவர்களுக்குத் தெரிந்தது. ஒரே வாக்கு மட்டும் இருந்திருப்பின், கட்சி பெற்ற வெற்றியே இணைப்புக்கும் இசைவு என்று கொள்ளப்பட்டிருக்கும்.

ஆகவே, மக்கள் அறிவில் குறை காண்பதற்கு முன் வினாவில் குறை காணல் வேண்டும். கோவாச் சீட்டிலும் ஒரு குறை இருந்தது. தனி மாநிலம் என்னும் மூன்றாவது விடை அதில் இல்லை. அது கைகூட 1987 மே 30 வரை காத்திருக்க நேர்ந்தது. சிக்கிமில் 1975 ஏப்ரல் 14 அன்று கேட்கப்பட்ட வினாவின் குறை இதனினும் பெரிது. மன்னர் பதவியை ஒழித்தலும், இந்தியாவின் உறுப்பாதலும் ஒரே வினாவுக்குள் கட்டப்பட்டிருந்தன. மன்னர் வேண்டா, தனிநாடு வேண்டும் என்று கருதிய ஒருவன் எப்பெட்டியில் சீட்டை இடுவான்? 59,637 பேர் ஆம் என்றனர். 1,496 பேர் அன்று என்றனர். எண்ணிக்கை பெரிது, அவ்வெண்ணிக்கை இரண்டனுள் எதற்குரியது என்பது சீட்டைப் பார்த்துத் தெளியக் கூடியதன்று.

ஈழத்து வினா வேறு வகையில் நோக்கத்தக்கது. 1977 இல் தேர்ந்தெடுக்கப்பட்ட இலங்கை நாடாளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலின்றியே மேலும் ஆறாண்டு நீட்டிக்கலாமா என்று 1982 டிசம்பர் 22 அன்று கேட்டனர். ஆம் என்பதற்கு விளக்கு. இல்லை என்பதற்குக் குடம். விளக்கு ஏற்றிய வீட்டில் திருமகள் தங்குவாள் என்று நம்பும் மக்களிடம் விளக்கை எப்பக்கம் வைப்பது என்பதைத் தேர்ந்தவர் எளியவர் அல்லர். நாடு முழுமையும் எண்ணியபொழுது நூற்றுக்கு 54 பங்குக்குச் சற்று மேல் விளக்குக்கே விழுந்தது. யாழ்ப்பாண மாவட்டத்திலோ வாக்களித்தவருள் பத்தில் ஒன்பது பங்கினர் குடத்தைத் தேர்ந்தனர். வினா இன்னதென்று அறிந்தவரைச் சின்னம் மயக்காது என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று. அறியாதாரை மயக்கும் என்பதற்கும் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை.

"நுண்ணிய பொருளெல்லாம் உழவனுக்கும் கூலியாளுக்கும் விளங்குமோ?" என்பது கற்றோர் கேட்கும் கேள்வி. கலிபோர்னியாவில் 1988 நவம்பரில் ஊர்திக் காப்புறுதிக் கட்டணம் பற்றி மட்டும் ஐந்து வெவ்வேறு சட்ட வரைவுகள் ஒரே சீட்டில் வந்தன. கற்றோர்க்கே தலை சுற்றும் சீட்டு அது. லூப்பியா என்னும் அரசியல் நூலறிஞர் வாக்காளரைக் கேட்டு ஆராய்ந்து, 1994 இல் தம் முடிவை வெளியிட்டார். வரைவுகளின் உட்பொருளை அறியாதவராயினும், காப்புறுதிக் குழுமங்கள் எதனை வேண்டுகின்றன என்ற ஒன்றை மட்டும் அறிந்திருந்தவர், எல்லாம் கற்றறிந்தவரைப் போலவே வாக்களித்திருந்தனர். குழுமங்கள் பெரும்பொருள் செலவிட்டும், நுகர்வோர் நலம் பேசிய நேடர் என்பார் தாங்கிய வரைவு ஒன்றே வென்றது. நம் ஊர்க் கிழவர் ஒருவர் நிலம் வாங்குமுன் கேட்பதும் இதுவே அன்றோ? "விற்கிறவன் யார்? ஏன் விற்கிறான்?" ஐயம் தீராவிடில் உள்ளதே போதும் என்று இருந்துவிடுவதும் அவர் வழக்கம். 1891 முதல் சுவிட்சர்லாந்தில் மக்கள் தாமே கையொப்பமிட்டு எழுப்பிய அரசியலமைப்புத் திருத்தங்களுள் வாக்கெடுப்பில் வென்றவை ஏறக்குறைய பத்தில் ஒன்றே. மக்கள் கையில் வினாவைத் தந்தால் நாட்டைத் தலைகீழாக்கிவிடுவர் என்று அஞ்சுவோர் இக்கணக்கை நோக்குவாராக.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 2023 மார்ச்சு மாத இறுதியில் மைய அரசு வெளியிட்ட நிலக்கரி ஏல அறிவிப்பில், ஒரத்தநாட்டுப் பக்கத்து வடசேரியும், அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டியும், சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கிலுள்ள பகுதியும் இடம் பெற்றிருந்தன. படுகை முழுவதும் கொதித்தெழுந்தது. ஏப்ரல் 4 இல் முதலமைச்சர் ஸ்டாலின் தலைமை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 8 இல் அம்மூன்றும் நீக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. மகிழ்ந்தோம். ஆனால் வந்தபொழுதும் அவ்வூர்களில் வாக்கெடுக்கவில்லை, போனபொழுதும் எடுக்கவில்லை. கடிதத்தால் போனது மற்றொரு கடிதத்தால் திரும்பி வாராது என்று யார் உறுதி கூறுவார்?

எண்ணெய், எரிவளிக் கிணறுகளின் கதையும் இத்தகையதே. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்து வயலில் எண்ணெய்க் குழாய் கசிந்து, அதனையொட்டி எழுந்த கிளர்ச்சியையும் சிறைப்பிடிப்புக்களையும் நாடு அறியும். 2020 ஜனவரியில், எண்ணெய் எரிவளி ஆய்வுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமே வேண்டுவதில்லை என்று மைய அரசு விதியைத் திருத்திற்று. அடுத்த திங்களே தமிழகச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றிப் புதிய கிணறுகளைத் தடுத்தது. முன்னரே நடைபெற்றுவந்தவற்றை அச்சட்டம் தொடவில்லை. ஒரு கூட்டத்தார் கேட்பதை விட்டனர். மற்றொரு கூட்டத்தார் கேளாமலே காத்தனர். காத்தமைக்கு நன்றி உடையோம். ஆயினும் காப்பவரை நம்பி வாழ்வது வேறு. தம் சொல்லால் காத்துக்கொள்வது வேறு.

"கிராம சபை இருக்கிறதே!" எனலாம். இருக்கிறது. 1994 ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி வாக்காளர் பட்டியலில் பெயருடைய ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். இது குடவோலைக்கும் கிட்டாத பெரும்பேறு. படுகையின் பல ஊர்கள் இக்கிணறுகளை எதிர்த்து அச்சபையில் தீர்மானம் இயற்றியதும் உண்டு. ஆயின் அத்தீர்மானங்கள் எவரையும் கட்டுப்படுத்தா. ஒடிசாவின் நியமகிரி மலையில் நடந்தது அங்ஙனமன்று. வன உரிமைச் சட்டத்தின் துணைகொண்டு, அலுமினியக் கனிமச் சுரங்கம் பற்றி ஊர்ச் சபைகளைக் கேட்க என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று ஆணையிட்டது. ஒரு நீதிபதி முன்னிலையில் பன்னிரண்டு ஊர்கள் கூடின, பன்னிரண்டும் வேண்டா என்றன, சுரங்கம் நின்றது. மலையில் வாழும் குடிகளுக்குக் கிடைத்த அவ்வுரிமை வயலில் வாழும் குடிகளுக்கு ஏன் இல்லை?

இத்துடன் நிறுத்தினால் என் கூற்று எல்லார்க்கும் இனிக்கும். ஆனால் நியமகிரியின் முறையை அப்படியே எடுத்து வந்து தஞ்சையில் நடுதல் ஆகாது என்பதே யான் வற்புறுத்த விரும்புவது. அம்மலையில் நம் பக்கத்து மிராசுதார், பண்ணையாள் முறை இல்லை. எல்லாரும் காணக் கை தூக்குவதில் அவர்களுக்கு அச்சமில்லை. நம் படுகையின் கதை வேறு. பண்ணையாளை நினைத்தபடி வெளியேற்றுதல் கூடாது என்று 1952 இல் தஞ்சாவூருக்கென்றே ஒரு சட்டம் செய்ய வேண்டியிருந்தது. அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1968 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு நாளின் இரவில், கீழ்வெண்மணியில் கூலி உயர்வுப் பூசலின் முடிவாக 44 பேர் ஒரு குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். அந்நாள் போயிற்று என்பர். போயிற்று, நன்று. ஆனால் நாளைக்கு எவர் வயலில் வேலை, எவர் கடையில் கடன், எவர் சொல்லால் நூறு நாள் வேலையில் பெயர் என்ற கணக்கு இன்னும் போகவில்லை. மேடையில் அமர்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் கீழே கை எழுகிறது.

ஓர் எண்ணெய்க் கிணற்றை எண்ணிப் பாருங்கள். கிணறு தோண்ட நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும் நிறுவனம் ஆண்டுதோறும் பணம் தருவது நிலத்துக்கு உடையவனுக்கு. மழை பொய்த்த ஆண்டிலும் வருகின்ற பணம் அது. அவ்வயலில் ஏற்றி நாற்று முடிந்தவளுக்கும், நடவு நட்டவளுக்கும், களை பறித்தவளுக்கும் அக்குத்தகையில் ஒரு காசும் இல்லை; இழந்த வேலைநாளுக்கு எழுத்துமில்லை. நிலக்கிழார் ஆம் என்பதும், நடவுப் பெண்கள் இல்லை என்பதும் இங்கே இயல்பு. இதற்கு மாறாகவும் நிகழலாம். நாகைக்கு அருகே பனங்குடியில் 1993 முதல் எண்ணெய் தூய்மிப்பு ஆலை நடந்த வட்டாரம் இது. நிலமற்றவன் ஒருவன், "சேறு மிதித்தது போதும், என் மகன் ஆலை வேலைக்குப் போகட்டும்" என்று கருதிக் கிணறு வேண்டும் என வாக்களிக்கக் கூடும். கிணறு வேண்டா என்னும் கட்சியைச் சேர்ந்த எனக்கு அவ்வாக்கு கசக்கும். கசந்தாலும் அது அவன் வாக்கு. தோற்பதற்கு ஒருப்படாதவன் 'மக்களைக் கேளுங்கள்' என்று முழங்குதல் முறையன்று. இருதிறத்தானும் நினைத்ததைச் சொல்ல வேண்டுமாயின், சொல்வது மறைவில் இருத்தல் வேண்டும்.

மறைவு மட்டும் போதுமோ எனின், போதாது. பேச்சின்றி நேரே பெட்டிக்கு அனுப்பினால் விளக்கும் குடமும் வந்து நடுவே நிற்கும். ஆகலின், பேச்சு வெளியில், வாக்கு மறைவில் என்று இரண்டையும் கூட்டுதலே தக்கது. முதற்கண் கிராம சபை இருமுறை கூடுக. நிறுவனத்தார் வந்து அமர்ந்து, எத்தனை அடி ஆழம், எவ்வளவு நீர், எத்தனை ஆண்டு, யாருக்கு எவ்வளவு பணம் என்று தமிழில் விடை கூறுக. நிலத்தடி நீர் எந்த ஆண்டில் உப்புக் கரிக்கத் தொடங்கிற்று என்று ஊரார் கூறுக. அப்பாடத்தில் அவர்களே ஆசிரியர். பின்னர் ஒரே பொருளைப் பற்றிய ஒரே வினா, சின்னமின்றி, ஆம், இல்லை என்னும் இரு சொற்களுடன் அச்சாகுக. எழுத்தறியாதார்க்கு அவ்விரண்டையும் வெவ்வேறு வண்ணத்தில் இடலாம். இஃது அரிதன்று. 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் குழு உறுப்பினர், மாவட்டக் குழு உறுப்பினர் என நான்கு பதவிக்கு நான்கு வண்ணச் சீட்டுக்களைப் பெற்று, மடித்து, பெட்டியிலிட்ட மக்கள் இவர்கள். ஐந்தாவது சீட்டாக அத்தேர்தலோடே சேர்த்துவிடலாமே என்று செலவுக்கு அஞ்சுவோர் கூறுவர். வேண்டா. ஆளுக்காக மூண்ட சூடு பொருளின்மேலும் ஏறும். கோவா மக்கள் இரண்டையும் பிரிக்க முடிந்தது, இரண்டும் வெவ்வேறு நாளில் வந்தமையாலேயே.

எத்தனை பேர் வந்தால் வாக்குச் செல்லும் என்பதும் எண்ணத்தக்கது. ஐந்நூறு பேர் வரை வாழும் ஊரில் ஐம்பது பேரும், பதினாயிரத்துக்கு மேற்பட்டார் வாழும் ஊரில் முந்நூறு பேரும் கூடினால் கிராம சபை கூடியதாகக் கொள்கின்றனர். சாலை விளக்குக்கு அது போதும். மண்ணின் வாழ்வுக்குப் போதாது. பட்டியலில் உள்ளாருள் செம்பாதியினர் வாக்களித்தாலன்றி முடிவு செல்லாது என்று விதித்தல் வேண்டும். திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கச் சென்றவர் வந்து திரும்ப நாள் வேண்டுமன்றோ?

அந்நாளையும் ஊரின் நாட்குறிப்பு நோக்கியே குறித்தல் வேண்டும். கிராம சபை கூடும் ஆறு நாட்களில், ஜனவரி 26 சம்பா அறுவடையின் நடுவில் வருகிறது. ஆகஸ்டு 15 இல் நாற்றங்கால் வேலை. அக்டோபர் 2 இல் குறுவைக் களமும் சம்பா நடவும் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கும். நவம்பர் முதல் நாள் அடைமழை. இந்நாட்களில் சபைக்கு வருபவர் வேலைக்குப் போக வேண்டாதவரே. மார்ச்சு 22 இல் உளுந்தும் பயறும் இன்னும் வயலில் நிற்கும். மே முதல் நாளுக்குள் அவை வீடு சேர்ந்துவிடும். வயல் வெடித்துக் கிடக்கும். மேட்டூர் திறக்கும் ஜூன் 12 க்கு இன்னும் ஆறு கிழமை இருக்கும். நடவுப் பெண்கள் கூலியை இழக்காமல் வந்து வரிசையில் நிற்கக் கூடிய நாள் ஆண்டில் அஃது ஒன்றே.